வரி போடுவது யார், செக்கில் கையெழுத்து யார், தலைவரை இறக்குவது யார்? நாட்டுக்கு நாடு ஊராட்சி

பாளையங்கால்:
நாடுகளின் ஆட்சிமுறையை ஒப்பிடப் போனால் உடனே ஜனாதிபதி முறையா, நாடாளுமன்ற முறையா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு ஊரில் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. அடிமட்டத்திலிருந்து பார்ப்போம். எந்த நாட்டை எடுத்தாலும் உள்ளூர் ஆட்சியிடம் மூன்று கேள்வி கேட்போம். வரி விகிதத்தை முடிவு பண்ணுவது யார்? பணத்தை விடுவிக்கக் கையெழுத்துப் போடுவது யார்? தேர்வானவரைப் பாதியில் இறக்கும் அதிகாரம் யாரிடம்? இந்த மூன்றும் ஊர்க்காரர் கையில் இருந்தால் அது உள்ளாட்சி. மூன்றும் வெளியே இருந்தால், தேர்தல் நடந்தாலும் அது மேலிடத்தின் கிளை அலுவலகம்தான்.

நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் 9 ஒன்றியம், 204 ஊராட்சி. மாவட்டப் பிரிப்பால் திருநெல்வேலி, தென்காசி உட்பட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மற்ற மாவட்டங்கள் 2019 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டுவிட்டன. அங்கே 2025 ஜனவரி 5ஓடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. நமக்கு அந்த நாள் 2026 அக்டோபர். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சூரிச் நெல்லை:
முதல் கேள்விக்கு சுவிட்சர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு அண்ணாச்சி. அங்கே 2,100க்கும் மேற்பட்ட கெமைண்டே உண்டு, நம்ம ஊராட்சிக்கு நேர். வருமான வரியை மாநில அளவில் கணக்குப் போட்டு "எளிய வரி" என்று ஒரு தொகை வரும். அதில் எத்தனை சதவீதம் தனக்கு வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊரும் வருஷா வருஷம் தானே முடிவு பண்ணுகிறது. ஒருவருக்கு எளிய வரி 4,000 பிராங்க், ஊர் விகிதம் 119 சதவீதம் என்றால் ஊருக்கு அவர் கட்டுவது 4,760 பிராங்க். சூரிச் நகரம் பல ஆண்டு வைத்திருந்த விகிதம் இந்த 119தான். ஏரிக்கரைப் பணக்கார ஊர்களில் 80க்கும் கீழே இருக்கும்.

பெரிய நகரங்களுக்குப் பேரவை உண்டு. சின்ன ஊர்களில் ஊர்க்கூட்டமே சட்டமன்றம். டிசம்பர் வாக்கில் பட்ஜெட்டும் வரி விகிதமும், ஜூன் வாக்கில் முந்தின வருஷக் கணக்கும் கூட்டத்தில் கையுயர்த்தி ஓட்டெடுப்பில் நிறைவேற வேண்டும். பட்ஜெட் புத்தகம் சில வாரம் முன்னாலேயே வெளியாகிவிடும். சூரிச் மாநிலத்தில் கணக்குச் சரிபார்ப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், ஊர் நிர்வாகத்தில் இருப்பவர் அதில் இருக்க முடியாது. ஒவ்வொரு செலவுத் தீர்மானத்துக்கும் "ஏற்கலாம்", "மறுக்கலாம்" என்று அந்தக் குழு எழுத்தில் பரிந்துரை கொடுக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் கூட்டமும் போதாது, வாக்குப்பெட்டிக்குப் போக வேண்டும்.

குறையும் உண்டு. கூட்டத்துக்கு வருவது வாக்காளரில் சில சதவீதம்தான். கை உயர்த்துவதை அக்கம்பக்கத்துக்காரர் பார்ப்பார். மக்கள்தொகையில் கால்வாசிக்கு மேல் வெளிநாட்டவர், அவர்களில் பெரும்பாலானோருக்கு ஊர் விஷயத்திலும் ஓட்டு கிடையாது. ஆனால் வரி கட்டுகிறார்கள்.

முக்கூடல் செல்வி:
நம்ம பக்கத்தையும் அதே அளவு விவரமா வச்சாத்தான் ஒப்பீடு சரியா வரும். ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சில உரிமக் கட்டணங்கள். வீட்டு வரிக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் அரசு விதியில் போட்டிருக்கு, இடையில்தான் ஊராட்சி தீர்மானம் போடலாம். தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வச்சிருக்கு. ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988இல் வச்ச வரம்பு, இன்னைக்கும் அதே. கூடங்குளம் அணுமின் நிலையத்துல வாங்குற சம்பளம் எத்தனை மடங்கு ஏறினாலும் உள்ளாட்சிக்கு ஒரு ஆளால் வருவது அந்த 2,500தான்.

மிச்சமெல்லாம் மானியம். 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டும்தான் செலவு செய்யணும்னு விதி இருந்துச்சு. 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு எடுக்கலாம், ஆனா சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. ஊராட்சியின் வங்கிக் கணக்குகளும் தனித்தனி. இரண்டாம் கணக்குப் பணம் மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் மட்டும். அதில் பணம் கிடக்கும்போதே முதல் கணக்கில் தூய்மைக் காவலருக்குத் துடைப்பம் வாங்கக் காசிருக்காது. "பேங்க்ல இவ்வளவு பணம் வச்சுக்கிட்டு ஏன் செய்யல"ன்னு தலைவர்கிட்ட சண்டைக்குப் போறவங்க எந்தக் கணக்கில் இருக்குன்னு முதலில் பார்க்கணும்.

செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தலைவரை மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்காங்க, துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். இரண்டு பேரும் எதிரெதிர் கோஷ்டின்னா துணைத்தலைவர் கையெழுத்தை நிறுத்திவச்சே ஊராட்சியை முடக்கிடலாம். மோட்டார் எரிஞ்சு நாலு நாள் தண்ணி வராத தெருவுக்குப் பின்னால பல நேரம் இந்தக் கையெழுத்துதான் கிடக்கு. திருட்டைத் தடுக்க வச்ச இரட்டைச் சாவி, பேரம் பேசுற ஆயுதமா மாறிடுது.

களக்காடு தம்பி:
அப்பம் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தா இந்தச் சிக்கல் வராதுல்லா?

எல்லைக்காரன்:
கேரளாவில் அப்படித்தான் தம்பி. ஆரியங்காவு தாண்டினால் முறையே வேறு. வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பான்மை போனால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறங்க வேண்டும். தலைவருக்கும் மன்றத்துக்கும் இழுபறி குறைவு, ஆனால் கட்சி பேரம் அதிகம். நேரடித் தேர்தல் வைத்தால் முடக்கம் வரும், மறைமுகத் தேர்தல் வைத்தால் அணி மாறல் வரும். எந்த நோயைத் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் அளவு. கேரளம் முழுவதும் 941 கிராமப் பஞ்சாயத்து, தமிழ்நாட்டில் சுமார் 12,500. அங்கே ஒரு பஞ்சாயத்து சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல், இங்கே சில ஆயிரம் பேர். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்), பள்ளிகள் எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பில் வந்தன. அதைத் தாங்க அலுவலகம், பொறியாளர், கணக்கர் வேண்டும். இங்கே ஒரு ஊராட்சிக்கு ஒரு செயலர். மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளர் வர வேண்டும். 73ஆவது திருத்தத்தின் அட்டவணையில் 29 துறைகள் இருக்கின்றன. அவ்வளவையும் நாளைக்கே கொடுத்தாலும் வாங்கி வைக்க இங்கே ஆள் கிடையாது.

பாளையங்கால்:
எல்லைக்காரர் அளவைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். "சின்ன ஊராட்சிகளை இணைத்துவிடு" என்று அதிகாரிகள் உடனே சொல்வார்கள். இணைத்த நாடுகள் உண்டு. டென்மார்க் 2007இல் 271 நகராட்சிகளை 98 ஆக்கியது. ஜப்பான் 1999இல் 3,200க்கு மேல் இருந்ததைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் 1,700 சொச்சமாகக் குறைத்தது. சுவிஸில் கிளாருஸ் மாநிலம் 25 ஊர்களை மூன்றாக்கியது. இதில் கிளாருஸ் தனித்து நிற்கிறது. அங்கே அரசு முன்வைத்தது பத்து ஊராட்சி. 2006இல் திறந்தவெளி மக்கள் மன்றத்தில் ஒரு குடிமகன் எழுந்து மூன்று போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார், மன்றம் அதை ஏற்றது. இணைப்பைக் கேட்டவர்கள் இணையப்போகிறவர்கள்.

பிரான்ஸ் எதிர்வழியில் போனது. சுமார் 35,000 கொம்யூன்களை அப்படியே விட்டுவிட்டு, குப்பை, குடிநீர், போக்குவரத்து மாதிரி வேலைகளுக்கு ஊர்க் கூட்டமைப்பு அமைத்து, அதற்கும் வரி போடும் அதிகாரம் கொடுத்தது. ஊர்ப் பெயரும் மேயரும் மிஞ்சினார்கள், பொறியாளரைப் பத்து ஊர் சேர்ந்து வைத்துக்கொண்டது. நம்ம ஊருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இங்கே ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தால் ஊரக வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரியும் கூடும், வார்டு எண்ணிக்கை குறைந்து ஒதுக்கீட்டு இடங்களும் குறையும். எதிர்ப்பு வருவது நியாயம்.

களக்காடு தம்பி:
மூணாவது கேள்விக்கு யாரும் வரலியே. தப்பு பண்ணுத தலைவரை ஊரே இறக்கணும்னா எந்த நாட்டுல முடியும்?

வக்கீல் சுத்தமல்லி:
முதலில் நம்ம சட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. மாவட்ட ஆட்சியர் தாமாகவோ, மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கையெழுத்திட்ட புகாரின்பேரிலோ நடவடிக்கை தொடங்கலாம். தலைவருக்கு அறிவிப்பு, அவர் விளக்கம், திருப்தியில்லை என்றால் வட்டாட்சியர் மன்றக் கூட்டம் கூட்டி உறுப்பினர் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பார்த்து ஆட்சியர் முடிவெடுப்பார். ஓட்டுப் போட்டவர்களுக்கு இதில் ஒரு கட்டத்திலும் இடமில்லை. பிரிவு 203 அவசரநிலைக்கானது. அதை வைத்தே செக் அதிகாரத்தை நிறுத்திய உத்தரவுகள் உயர்நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

இப்போது ஜப்பான். மேயரை மக்களே திரும்பப் பெறலாம். வாக்காளரில் மூன்றில் ஒரு பங்குக் கையெழுத்து வேண்டும் (நாலு லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்தால் விகிதம் தளரும்). நகராட்சியில் இதற்கு ஒரு மாத அவகாசம். ஒவ்வொரு கையெழுத்தையும் தேர்தல் ஆணையம் பட்டியலோடு ஒத்துப்பார்க்கும். பிறகு வாக்கெடுப்பு, பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் பதவி போகும். பதவியேற்ற முதல் ஓராண்டில் கேட்க முடியாது. ககோஷிமா மாவட்டத்து அகுனே நகர மேயர் மன்றத்தைக் கூட்டாமலேயே தனி உத்தரவுகளில் ஆட்சி நடத்தினார், 2010 டிசம்பரில் சொற்ப வித்தியாசத்தில் மக்கள் அவரை இறக்கினார்கள். இந்தியாவிலும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளைத் திரும்பப் பெறும் சட்டம் உண்டு. ஹரியானா 2020இல் சர்பஞ்சுக்கு (ஊராட்சித் தலைவருக்கு) கொண்டுவந்தது. வாக்காளர் கையெழுத்தில் தொடங்கி, வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு எதிராக விழுந்தால் பதவி போகும்.

களக்காடு தம்பி:
வக்கீல் அண்ணாச்சி, ஹரியானா சட்டத்தை அப்படியே இங்க கொண்டுவரலாமே. கலெக்டர் எதுக்கு?

முக்கூடல் செல்வி:
தம்பி, இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. 1,800 வாக்காளர் இருக்கிற ஊராட்சின்னு வையுங்க. ஜப்பான் மாதிரி மூணில் ஒரு பங்குன்னா 600 கையெழுத்து. ஒரே சாதி 1,100 ஓட்டு வச்சிருக்கிற ஊரில், தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கியிருந்தா, அந்த 600ஐ ஒரே நாள் சாயங்காலம் வாங்கிடுவாங்க. ஒரு வருஷம் பொறுத்தா போதும். இறக்கினதும் இடைத்தேர்தலில் தங்கள் சொல்லுக்கு ஆடுற ஒருத்தரை அதே ஒதுக்கீட்டில் நிறுத்தலாம். ஒதுக்கீடு காகிதத்தில் அப்படியே இருக்கும், அதிகாரம் போயிடும்.

இது கற்பனையா வர்ற பயம் இல்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கினதால 1996ல இருந்து பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடலை. நம்ம தாழையூத்தில் ஊராட்சித் தலைவரா இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார். நேர்மையா வேலை பார்த்த ஒரு தலைவருக்கு நடந்தது அது. ஜப்பான் சட்டம் நல்ல சட்டம். அந்த ஊர்களில் ஓட்டு சாதிவாரியாகக் கட்டிவைக்கப்படலை, அதனால அது அங்கே வேலை செய்யுது. நிறுவனத்தை மட்டும் கப்பலேத்தி இறக்கினா, அதைத் தாங்குற தரை கூட வராது.

என் கருத்து: திரும்பப் பெறும் உரிமை வேணும்னா அதுக்கு முன்னாடி ஒரு சல்லடை வேணும். தணிக்கையில் குறிப்பிட்ட குற்றம் நிரூபணமாகி, நீதித்துறைத் தகுதி உள்ள ஒருவர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கவே தொடங்கலாம். கேரளாவில் உள்ளாட்சிக்கு ஓம்புட்ஸ்மன் (முறைகேட்டுப் புகாரை விசாரிக்கிற அமைப்பு) இருக்கு, அந்த மாதிரி இடத்தில் இந்தச் சல்லடையை வைக்கலாம்.

சூரிச் நெல்லை:
செல்வி அக்கா சொல்வதற்கு சுவிஸிலேயே சாட்சி உண்டு. அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் வருஷந்தோறும் ஆண்கள் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்திச் சட்டம் போட்டார்கள். நேரடி ஜனநாயகத்துக்கு அதைவிடப் பழைய உதாரணம் காட்டுவது கஷ்டம். நாட்டளவில் 1971இலேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது. இந்த மாநில மன்றம் மட்டும் மாநில விஷயங்களில் பெண்களைச் சேர்க்க 1990 வரை மறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம்தான் உத்தரவு போட்டது. ஊரின் முடிவு என்பது ஊரில் கை உயர்த்த அனுமதி உள்ளவர்களின் முடிவு. வரி, செலவு விஷயத்தில் ஊருக்கு முழு அதிகாரம் கொடுக்கலாம். யார் ஊர்க்காரர் என்பதை மட்டும் ஊர் கையில் விடக்கூடாது.

பாளையங்கால்:
மூன்று கேள்வியோடு இதை நாலாவதாகச் சேர்க்க வேண்டியதுதான்: ஊருக்குள் சிறுபான்மையாக இருப்பவர் யாரிடம் முறையிடலாம்? இதைக் கேட்காமல் முதல் மூன்றுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஒப்பீடு தவறாகிவிடும்.

மன்னார் கடல்:
இலங்கையையும் சேருங்கள் அண்ணாச்சி, கடலுக்கு அந்தப் பக்கம்தானே. பிரதேச சபைச் சட்டம் 1987. 2018 தேர்தலில் புதிய கலப்பு முறை வந்தது. 60 சதவீத இடங்கள் வட்டாரத்தில் நேரடியாக, 40 சதவீதம் கட்சி பெற்ற வாக்கு விகிதத்தில், பெண்களுக்கு 25 சதவீதம். நோக்கம் நல்லது. விளைவாக உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது, பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, பட்ஜெட் தோற்றுப் போனது. விகிதாசாரம் சிறிய கட்சிக்கும் இடம் கொடுக்கும். ஆனால் பட்ஜெட் தோற்றால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்ற விதியைச் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

தனி அலுவலர் கதையும் அங்கே உண்டு. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலைத் திறைசேரியில் பணமில்லை என்று தள்ளினார்கள். சபைகள் கலைந்து செயலாளர், ஆணையாளர் கையில் நிர்வாகம் போனது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்றது. தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருஷம் மக்கள் பிரதிநிதியே கிடையாது.

வக்கீல் சுத்தமல்லி:
இந்த இடைவெளியை அடைக்கும் வழி சில நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் புது மன்றம் கூடும்வரை பழைய மன்றம் வேலையைத் தொடரும். தேர்தலைத் தள்ளினாலும் அதிகாரி கைக்கு ஊர் போகாது, அதனால் தள்ளுவதில் யாருக்கும் லாபமில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் 2023இல் பணமில்லை என்று கைவிரித்தபோது அரசு ஆணையர்களை அனுப்பியது, ஆனால் மன்றத்தைக் கலைக்கவில்லை. உறுப்பினர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்ம அரசமைப்பு ஐந்து ஆண்டு முடியுமுன் தேர்தலை முடி என்கிறது. 2006இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. வார்டு எல்லை மறுவரையறை, ஒதுக்கீட்டுச் சுழற்சி, வழக்கு என்று ஒவ்வொன்றாகக் காரணம் வரும். மறுவரையறை வேலையைப் பதவிக்காலம் முடிய ஒரு வருஷம் முன்பே தொடங்கினால்தான் இந்த வழக்குகள் நேரத்துக்குத் தீரும்.

நதியுண்ணி:
ஊராட்சியை மட்டும் பேசுதீங்க. தண்ணியை யார் ஆளுதாங்கன்னும் பாக்கணும். தாமிரபரணியில கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு எட்டு அணைக்கட்டு. கார், பிசானம்ங்குத நெல் பருவத்துக்குப் பாபநாசத்துல எப்பம் திறக்கணும்னு அரசாணை வரணும். விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000லயே வந்தாச்சு, பாசன சங்கத்துக்குத் தேர்தலும் உண்டு. ஆனா மடையைத் தொடுத அதிகாரம் நீர்வளத்துறை அலுவலர் கையில, தண்ணி திருடுனவனுக்கு அபராதம் போட்டு வசூலிக்கச் சங்கத்துகிட்ட பலம் இல்ல.

ஸ்பெயின்ல வாலன்சியா தண்ணீர் நீதிமன்றத்தைப் பாருங்க. அங்கயும் எட்டு வாய்க்கால். ஒவ்வொரு வாய்க்கால் விவசாயிகளும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்காங்க. வாரா வாரம் வியாழக்கிழமை நண்பகல், பேராலயத்தோட அப்போஸ்தலர் வாசல்ல அவங்க கூடுதாங்க. வாய்க்கால் பேரை ஒவ்வொண்ணா கூப்பிட்டு "புகார் உண்டா"ன்னு கேப்பாங்க. வக்கீல் கிடையாது, காகிதம் கிடையாது, பேச்சுதான். குற்றம் சாட்டப்பட்டவன் வாய்க்கால் தலைவர் தீர்ப்புல கலந்துக்க மாட்டார், ஆத்துக்கு எதிர்க்கரைக்காரங்கதான் தீர்ப்பைச் சொல்லணும். தீர்ப்பு அங்கேயே அப்பமே. நூற்றாண்டுக் கணக்கா நடக்குதுக்குக் காரணம் அந்த எதிர்க்கரை விதிதான்னு நான் நினைக்கேன். நம்ம தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே சங்கத்துல இருக்கும்போது தீர்ப்பு தலைமடை பக்கம் சாயுதது வழக்கம்.

நெதர்லாந்துல 21 தண்ணீர் வாரியம் இருக்கு. தனித் தேர்தல், தனி வரி, விவசாயத்துக்கும் இயற்கைக்கும் ஒதுக்குன இடம். நகராட்சிப் பணத்தை எதிர்பாக்காம தன் வரியிலயே கரை கட்டும், கால்வாய் தூர்வாரும். இங்க வாய்க்காலை அடைக்குத அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எடுக்க ஒவ்வொரு வருஷமும் மனு.

களக்காடு தம்பி:
எல்லாம் சரி. சட்டம் மாறுத வரைக்கும் காத்திருக்கணுமா? அடுத்த கிராம சபையில என்ன செய்யலாம்?

முக்கூடல் செல்வி:
காத்திருக்க வேண்டாம். சுவிஸ் ஊர்க்கூட்டத்தில் நடக்கிறதில் பாதியை இப்ப இருக்கிற விதிக்குள்ளேயே கேட்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆக ஆறு நாள் கூட்டம். அதுக்குப் பத்து நாள் முன்னாடி இ-கிராம் ஸ்வராஜ்ங்கிற மத்திய அரசின் ஊராட்சிக் கணக்குத் தளத்தில் உங்க ஊராட்சி பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த நிதியாண்டின் செலவுச் சீட்டுகளை எடுங்க. தேதி, தொகை, யாருக்குப் போச்சுன்னு இருக்கும். அதில் மூணே மூணு வேலையை மட்டும் பிடிங்க. முப்பதைக் கேட்டா பதில் வராது. கூட்டத்தில் வைக்கிற வரவு செலவு பேனரில் அந்த மூணும் எந்தத் தலைப்பில் வருதுன்னு ஒத்துப்பாருங்க.

அடுத்து கோரம், அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதுக்கு மேல 300. எண்ணிக்கை சேரலைன்னா அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு குறைவு. வீடு வீடா வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குறது இதனாலதான். கூட்டத்துக்கு வராம கையெழுத்துப் போடாதீங்கன்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க.

முக்கியமானது தீர்மானப் புத்தகம். நோட்டில் பாதிப் பக்கம் காலியா விட்டுக் கூட்டத்தை முடிச்சிட்டு, ஒரு வாரம் கழிச்சு அந்த இடத்தில் தீர்மானம் ஏறும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு, "இத்துடன் கூட்டம் முடிந்தது"ன்னு எழுதவச்சு, தலைவர் கையெழுத்து ஆன பிறகு அந்தப் பக்கத்தை போன்ல படம் எடுத்துக்கிட்டுத்தான் எழுந்திரிக்கணும். உங்க கோரிக்கையை வாயால மட்டும் சொல்லாம எழுத்திலயும் கொடுத்து, தீர்மான எண் கேளுங்க.

வக்கீல் சுத்தமல்லி:
செல்வி சொன்னதோடு ஒன்று. தீர்மான நகல் தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். "தீர்மானம் போட்டீர்களா" என்று கேள்வி கேட்காதீர்கள், கேள்விக்குப் பதில் தரக் கடமையில்லை என்று திருப்பி விடுவார்கள். "இன்ன தேதி கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தின் முழு நகல், வருகைப் பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அஞ்சல் ரசீதைத் தொலைக்காதீர்கள், மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு.